மோட்டார்க் கொட்டகையில் விறகடுப்பு

கனடா முதலிய குளிர்நாடுகளில், தனித்து நிற்கும் மோட்டார்க் கொட்டகையில் விறகடுப்பு அமைத்துப் பட்டறை வேலை செய்ய விரும்புவோர் பலர். அடுப்பின் கிரயத்தை விசாரிக்குமுன் இடத்தைச் சோதித்தல் அவசியம். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. கண்ணுக்குப் புலப்படாமல் தரையோரம் பரவி, தூரத்திலுள்ள நெருப்பையும் எட்டிப் பற்றும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் விதித்தொகுப்பு, அவ்வாவியுள்ள இடத்தில் விறகடுப்பை விலக்குகின்றது. ஆகவே வண்டியையும் எண்ணெயையும் அறவே அகற்றி, கொட்டகையைப் பட்டறையாகவே மாற்றியபின், உள்ளூர் அதிகாரியின் அனுமதி பெற்றே அடுப்பை அமைத்தல் வேண்டும்.

அவ்வமெரிக்க விதித்தொகுப்பின்படி, தயாரித்தோர் வேறு அளவு குறிக்காவிடின், எரியக்கூடிய சுவருக்கும் அடுப்புக்கும் 36 அங்குல இடைவெளி வேண்டும். புகைபோக்கி, கூரையைத் துளைக்குமிடத்தினும் 3 அடியும், 10 அடிக்குள் உள்ள கூரைப்பகுதியினும் 2 அடியும் உயர்ந்திருத்தல் வேண்டும். அதனுள் படியும் கரிப்பிசினை ஆண்டுதோறும் நீக்குக.

விறகில் மிச்சம் பிடித்துக் கொட்டகையை இழப்பது சிக்கனமாகாது.