கொல்லிமலைச் சாலையும் பழைய ஆட்டோமேட்டிக் காரும்

பிறர் ஓட்டிய ஆட்டோமேட்டிக் காரை வாங்க எண்ணுகிறவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், சொந்தக்காரரின் சம்மதத்தோடு அந்த வண்டியைக் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சோளக்காடு வரையுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது, அந்தப் பாதையில் பல வருஷங்களாகப் பிரயாணம் செய்துவரும் என்னுடைய திடமான அபிப்பிராயம். சேலம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாக் கியர் பாக்ஸும் உத்தமமாகத்தான் தோன்றும். மேல் கியருக்குப் போய் நிலைத்துவிட்ட பெட்டிக்கு அங்கே வேலை ஏது? கொல்லிமலையிலோ, வளைவுக்கு வளைவு வேகம் அறவே குறைந்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் முதல் கியருக்கு இறங்கி, இழுவையைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கு ஏறி, மூச்சு விடுவதற்குள் மறுபடியும் முதலுக்கு வர வேண்டியிருப்பதால், நகரத்தில் ஒரு வருஷம் மறைந்துகிடக்கக்கூடிய கோளாறு ஒரு மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடுகிறது.

இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலானவை ஏ.எம்.டி. வகையைச் சேர்ந்தவை. 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த இந்த ஏற்பாட்டில், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸும் சாதாரண கிளட்சுமே. கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் நம் காலையும் கையையும் விட்டு யந்திரத்தின் பொறுப்புக்குப் போய்விட்டன. ஆகவே செலவும் சிக்கனம், பழுதும் உள்ளூர் மெக்கானிக்குக்குப் புரியக்கூடியது. ஆனால் மலையில் இதன் சுபாவத்தை அறிந்து ஓட்ட வேண்டும். செங்குத்தான வளைவு ஒன்றில் மேலிருந்து பஸ் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற வண்டிக்கே வழி என்பது விதியானாலும், அத்தனை நீளமான பஸ் திரும்புவதற்கு இடம் விட்டு நாம்தான் நிற்க வேண்டியிருக்கும். அப்போது பிரேக்கில் நிற்காமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியபடி வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடிக்கிறவர் அநேகர். அந்த அரை நிமிஷம் முழுவதும் கிளட்ச் தகடு பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. சற்றைக்கெல்லாம் கருகிய வாசனை ஜன்னல் வழியே வருகிறது. ஆரம்ப கால ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில் ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் நிறுத்தும் வசதியும் கிடையாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நின்று, புறப்படும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி, வண்டி முன்னுக்கு இழுப்பது தெரிந்த பின் ஹேண்ட் பிரேக்கை விடுவதே சரியான முறை. வளைவுக்குள் நுழையும் முன்பே மேனுவல் நிலைக்கு மாற்றி முதல் கியரைப் பிடித்துக்கொண்டால், நட்ட நடு வளைவில் பெட்டி யோசித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சங்கடமான கணத்தையும் தவிர்க்கலாம். சோதனை ஓட்டத்தில் புறப்படும்போதெல்லாம் வண்டி உதறினால், கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சி.வி.டி. பெட்டியில் கியர் மாறுவது என்பதே இல்லை. கூம்பு வடிவமான இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகு பெல்ட், கப்பிகளின் அகலம் கூடிக் குறைவதற்கேற்ப விகிதத்தை மாற்றிக்கொண்டே போகிறது. 2014-ல் வந்த ஹோண்டா சிட்டி இவ்வகைக்கு நல்ல உதாரணம். குலுக்கல் இல்லாமல் மலையேறுவதில் இதற்கு நிகரில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலைசுற்றல் குறைவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எனினும் இடைவிடாத ஏற்றத்தில் எண்ணெயின் உஷ்ணம் ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் பழசாகி, பெல்ட் வழுக்கத் தொடங்கிய பெட்டியில் எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இரட்டை கிளட்ச் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2013-ல் இங்கே வந்த போலோ ஜி.டி.யின் டி.எஸ்.ஜி., ஓட்டுவதற்குப் பரமானந்தம்தான். ஆனால் அதே ஆண்டு சீனாவில் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 3.8 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள் கொண்ட அந்தப் பெட்டியை, ஊர்ந்தே ஏற வேண்டிய மலைப்பாதைக்காகப் பழைய வண்டியாக வாங்க எனக்குத் துணிவில்லை.

நான் மனமொப்பிச் சிபாரிசு செய்வது, பெட்ரோலைச் சற்று அதிகம் குடிக்கும், வேகமும் மிடுக்கும் குறைந்த, பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைத்தான். ஹூண்டாய் ஐ10-இன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும், 2014-க்கு முந்தைய தலைமுறை சிட்டியின் ஐந்து கியர் பெட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே சக்தியைக் கடத்துவது எண்ணெய். ஊர்ந்து ஏறும்போது வழுக்கல் நிகழ்வது எண்ணெய்க்குள்ளே ஆதலால், தேய்வதற்குக் கிளட்ச் தகடு அங்கே இல்லை. புறப்படும் நேரத்தில் முறுக்கு விசையை அது பெருக்கியும் கொடுப்பதால், நான்கு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி சரிவில் நின்று கிளம்பும்போது கூட நிதானமாக நகர்கிறது. டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால் அதை உருவி வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: எண்ணெய் சிவந்து தெளிவாக இருந்தால் நல்லது, கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தால், முந்தைய சொந்தக்காரர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் நம்ப வேண்டியதில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றி, பெட்டி தாமதமாகவோ அடித்துக்கொண்டோ பிடிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். விற்பவர் நாம் போவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவது உசிதம்.

ஏறுவதைப் போல் இறங்குவதும் பரீட்சைதான். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது நாமக்கல் லாரி டிரைவர்கள் அனைவரும் அறிந்த பாலபாடம். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறவர், அடிவாரம் வருவதற்குள் பிரேக் பிடிமானத்தை இழக்கும் அபாயம் உண்டு. ‘எல்’, ‘2’, ‘எஸ்’, அல்லது மேனுவல் என்று எது இருக்கிறதோ அதை உபயோகித்து, எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்படி செய்ய வேண்டும். அப்போது தடுப்பு சீராகக் கிடைக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பது பெட்டியின் ஆரோக்கியத்தைக் காட்டும்.

வாங்கிய பிறகு, சர்வீஸ் புக்கில் என்ன எழுதியிருந்தாலும், தயாரிப்பாளர் குறித்த அதே வகை எண்ணெயை உடனே மாற்றிவிடுங்கள், சி.வி.டி.க்குரிய எண்ணெய் வேறு, டார்க் கன்வெர்ட்டருக்குரியது வேறு. மலைமேல் செம்மேட்டிலோ அறப்பளீஸ்வரர் கோயில் வாசலிலோ வண்டி படுத்துவிட்டால், கயிறு கட்டி இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் சுழல்வதில்லை. முன் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே உள்ளதும் நாசமாகும். முன் சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் மேலே ஏற்றியோ கொண்டுபோகும் வாகனத்தைத்தான் வரவழைக்க வேண்டும். அது 70 வளைவுகளையும் ஏறி வரக் கேட்கும் கூலியைக் கருதியாவது, மலைக்குப் புறப்படும் முன் பெட்டியின் எண்ணெயை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.