'புட் அவுட்' படுத்திய பாடு

விளக்கை அணைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டால், நம்மவர் எவரும் 'புட் அவுட்' என்று உடனே விடை சொல்லிவிடுவர். நானும் அந்த ஒரு பொருளை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டுதான் காசிக்குப் படிக்க வந்தேன்.

வந்த இரண்டாம் மாதம் விடுதிக் காப்பாளரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. விருந்தினர் ஒருவர் இரண்டு நாள் என் அறையில் தங்குவார் என்றும், என்னை 'புட் அவுட்' செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். 'புட்' என்றால் வை. 'அவுட்' என்றால் வெளியே. ஆகவே என்னை வெளியே வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, பெட்டியும் கையுமாகத் திருநெல்வேலி நண்பர் ஒருவரின் அறை வாயிலில் போய் நின்றேன். அவர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, உன்னை யார் போகச் சொன்னது? உனக்குத் தொல்லை கொடுக்கிறோமே என்றல்லவா அந்த மனிதர் வருந்துகிறார்!"

அன்றிரவே அகராதியைப் புரட்டினேன். தீயை அணைப்பதும் 'புட் அவுட்'. கையை நீட்டுவதும், நாக்கை நீட்டுவதும் அதுவே. செடி தளிர் விட்டாலும், அறிக்கை வெளியிட்டாலும், தோள்மூட்டு நழுவினாலும், கப்பல் துறைமுகம் விட்டுக் கடலில் இறங்கினாலும் இதே சொல்தான். 'ஹி வாஸ் புட் அவுட்' என்று கதையில் வந்தால், அவனை யாரோ அணைத்துவிட்டதாக எண்ணற்க. அவன் முகம் சுளித்தான் என்பதே பொருள்.

தேர்வு எழுதுவோர் ஒன்றைக் கருத்தில் வைக்க வேண்டும். 'புட் அவுட் தி லாம்ப்', 'புட் தி லாம்ப் அவுட்' இரண்டும் சரி. ஆனால், 'லாம்ப்' போய் 'இட்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் அவுட்'. 'புட் அவுட் இட்' என்பது பிழை. விளக்கு தானே அணைந்தால் 'கோ அவுட்' என்பர். அணைந்தது, அணைத்தான் என்று நாம் தன்வினை பிறவினையாகப் பிரிப்பதை அவர்கள் இரண்டு வினைகளால் பிரிக்கிறார்கள்.

ஒதெல்லோ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் ஷேக்ஸ்பியர் இச்சொல்லை விளக்குக்கும் உயிருக்கும் சேர்த்தே ஆள்கிறார். அணைத்த விளக்கை மீண்டும் ஏற்றலாம், டெஸ்டிமோனாவின் உயிரை ஏற்ற முடியாதே என்று ஒதெல்லோ தயங்கும் இடம் அது. இதை முன்பே படித்திருந்தும் எனக்குச் சொல்லின் ஆழம் தெரியவில்லை. பெட்டி தூக்கிய பின்னரே தெரிந்தது.

நம் 'அணை' மட்டும் எளிதா? விளக்கையும் அணைக்கிறோம், குழந்தையையும் அணைக்கிறோம். ஆற்றின் குறுக்கே நிற்பதும் அணைதான். என் பாட்டியோ விளக்கை 'அணை' என்று சொல்லவே மாட்டார். 'குளிர வை' என்பார். தானே அணைந்துவிட்டால் 'மலையேறிவிட்டது' என்பார். இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தால், எனக்குக் கிடைப்பவை மறுபடியும் அந்தப் 'புட் அவுட்'டும் 'கோ அவுட்'டுந்தான்.