கேட்டு விற்றல்

நுழையும்முன்

திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம். சொல்வன்மை 65ஆம் அதிகாரம். செவிக்குப் பின்னரே நாவிற்கு இடம் என்னும் இம்முறை, தொலைபேசி வழியே பொருள் விற்கும் சிறுதொழில் முனைவோருக்கும் பொருந்துவதாகும்.

ஈரோடு மாவட்டம் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. வண்ணப் பட்டைகள் அமைந்த இக்கைத்தறி விரிப்பு, குறைந்த செலவில் விசைத்தறியில் நெய்யப்படும் விரிப்புகளோடு போட்டியிட வேண்டியுள்ளது. விலையால் வெல்ல இயலாத நெசவாளர், தரத்தாலும் சொல்லாலுமே வெல்ல வேண்டும். சொந்தக் கடையில்லாத அவருக்குக் கைப்பேசியே கடைத்தெரு.

பவானி நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, திருமண மண்டப மேலாளர் ஒருவரை அழைப்பதாகக் கொள்வோம். முகூர்த்த நாளின் காலையில் அவருக்குப் பேச நேரமிராது. ஆகவே, காலமறிந்து அழைத்தல் முதற்கடமை.

“வணக்கம் ஐயா. பவானியிலிருந்து பேசுகிறேன். நாங்கள் ஜமக்காளம் நெய்பவர்கள். இரண்டு நிமிடம் பேசலாமா?”

“சொல்லுங்கள் அம்மா.”

“மண்டபத்தில் இப்போதுள்ள விரிப்புகளில் ஏதேனும் குறை உண்டா, ஐயா?”

“சில முறை துவைத்தாலே சாயம் போய்விடுகிறது.”

“எங்கள் விரிப்பு ஒன்றை மாதிரிக்கு அனுப்புகிறேன். துவைத்துப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.”

அவள் தன் பொருளின் புகழைப் பாடவில்லை. அவருடைய குறையைக் கேட்டாள். அதற்குரிய தீர்வைத் தானே சோதித்தறியும் வாய்ப்பையும் அளித்தாள். முதல் அழைப்பின் நோக்கம் விற்பனையன்று, நம்பிக்கையே.

மாதிரி மேலாளருக்குப் பிடித்துவிட்டது. “அடுத்த மாதத்திற்குள் ஐம்பது கிடைக்குமா?” என்று கேட்கிறார். வீட்டிலிருப்பவை இரண்டு தறிகளே. ‘முடியும்’ என்ற ஒரு சொல் அன்றைய வணிகத்தைப் பெற்றுத்தரும். ஆனால், மணநாளில் விரிப்பு வந்து சேராவிட்டால், அவளுடைய அடுத்த அழைப்பை அவர் ஏற்கமாட்டார்.

“இருபது தருகிறோம், ஐயா. மீதி முப்பதுக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும்” என்கிறாள் அவள். அவர் வேறிடம் நாடவும் கூடும். எனினும், காப்பாற்றக்கூடிய வாக்கை மட்டுமே தருவது சிறுவணிகரின் முதலீடு.

அழைப்பு முடிந்ததும் நாள், தேவை, தந்த வாக்கு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. குறித்த நாளில் மீண்டும் அழைப்பவரே நினைவில் நிற்பர். ‘வேண்டாம்’ என்பவரிடம் நன்றி கூறி விடைபெறுவதும் பண்பாகும்.

தெரிந்து தெளிவோம்

வணிக அழைப்புகளை விரும்பாதோர் 1909 என்னும் எண்ணின்வழித் தம் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். இதற்கான விதிமுறைகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் வெளியிட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உருவாகும் பொருள் ஒன்றை விற்பதற்கான தொலைபேசி உரையாடலை எழுதுக.
2. ‘முடியும்’ என்று அப்பெண் கூறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வகுப்பறையில் கலந்துரையாடுக.