திருமண நிழற்படமும் சிறு சென்சார்க் காமிராவுக்கு ஏற்ற லென்ஸும்

மணவினை ஒரு குடும்பத்தின் வாழ்வில் மீண்டும் வாராத நாள். அதன் நடுநாயகமாய் விளங்கும் திருமாங்கல்யதாரணமோ, கெட்டிமேளம் முழங்கத் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழுமுன், ஒரு நிமிடத்திற்கும் குறைந்த காலத்தே முடிந்துவிடுவது. அதனைப் படம் பிடிக்கத் தவறிய ஒருவர், "ஐயா, தாலியை மறுபடியும் பிடியுங்கள்" என்று மணமகனை வேண்டல் தகுமோ? வேண்டுவாரும் உளர். ஆயின் அப்படம் நடிப்பாகுமேயன்றி நிகழ்ச்சியாகாது. கையிலுள்ள காமிராவுக்குப் பொருந்தாத லென்ஸை மாட்டிக்கொண்டு சென்றமையே இத்தவற்றிற்குப் பலகாலும் காரணமாதலின், அப்பொருத்தத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கடலூர் மாவட்டத்தின் மேலைப் பகுதியில், வெள்ளாற்றங்கரையில் வைத்தியநாத சுவாமி கோயிலை உடையதாய் விளங்குவது திட்டக்குடி. இத்தகைய சிற்றூர்ப் பக்கங்களில் இத்தொழிலை மேற்கொள்ளும் இளைஞர் பலர், கடன் பெற்றேனும் முதலில் வாங்குவது விலை குறைந்த கிராப் சென்சார்க் காமிராவே. (வில்லை என்னும் தமிழ்ச் சொல் அழகியதே, ஆயினும் கடையிற் சென்று வில்லை வேண்டுமென்றால் மாத்திரையே கிடைக்கும் ஆதலின், லென்ஸ் என்றே வழங்குவோம்.)

கிராப் சென்சார் என்பது யாது? 1925-இல் ஜெர்மனியினின்று விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவால், 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடைய பிலிம் சட்டம் உலகெங்கும் பரவியது. பின்னாளில் பிலிமின் இடத்தைச் சென்சார் பற்றியபொழுது, அத்துணைப் பெரிய சென்சாரைச் செய்தல் பெருஞ்செலவாயிற்று. ஆகவே 1999-இல் வெளிவந்த நிக்கான் டி1, 2003-இல் வெளிவந்த கானன் 300டி முதலியன சிறிய சென்சாரையே பெற்றன. இன்றும் விலை குறைந்த காமிராக்கள் பலவற்றில் அதுவே உளது. நிக்கான், சோனி முதலியவற்றில் அதன் அகலம் ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர், கானனில் அதனினும் சற்றுக் குறைவு. லென்ஸ் வீழ்த்தும் உருவத்தின் ஓரங்கள் வெட்டுண்டு நடுப்பகுதியே பதிவாவதால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் பெரிய சென்சாரில் 75 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் குறுகிய காட்சியையே காட்டுகிறது. கானனில் அது 80-க்கு ஒப்பாம்.

இடர் தொடங்குவது இங்கேதான். 'முதலில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வாங்கு, விலை குறைவு, வெளிச்சம் மிகுதி' என்பது தொழிலில் வழிவழி வரும் உபதேசம். பிலிம் காமிராவுக்கு அது நல்லுபதேசமே. சிறு சென்சாருக்கு அதனை அவ்வாறே கொள்ளலாகாது என்பதே எம் கருத்து.

கணக்கு எளிது. சென்சாரின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, வந்த ஈவை நாம் நிற்கும் தொலைவால் பெருக்கினால், படத்துள் அடங்கும் அகலம் கிடைக்கும். மணமக்களும் இருபுறத்துப் பெற்றோரும், மூன்றாம் முடிச்சிடும் நாத்தனாரும் அடங்க 10 அடி அகலம் வேண்டுமெனக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் லென்ஸை உடையவர் 21 அடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். 35 மில்லிமீட்டருக்கு 15 அடி வேண்டும். 18 மில்லிமீட்டருக்கோ 8 அடியும் வேண்டா. வீட்டு வாயிலில் இட்ட பந்தலில் 21 அடி பின்வாங்கினால் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் ஏறி நிற்க நேரும்! அங்ஙனம் நின்றாலும், அட்சதை தூவ எழுந்த சுற்றத்தாரும் விளக்கேந்திய வீடியோக்காரரும் இடையே மதில்போல் நிற்பர். படத்தில் அவர்தம் முதுகுகளே விழும். ஓரத்தில் நின்று கண்ணீர் துடைத்த பாட்டியின் முகம் எப்படத்திலும் இல்லாமற் போவது இதனாலேயே.

அற்றேல், காமிராவுடன் வரும் 18-55 லென்ஸ் போதாதோ எனின், அகலத்திற்குப் போதும்; வெளிச்சத்திற்குப் போதாது. முகூர்த்தம் விடியுமுன் அமைவதும் உண்டு. ஓமப்புகை வேறு கவிந்து நிற்கும். அந்த லென்ஸை 55-க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கும். எஃப் 2.8-இல் புகும் வெளிச்சத்தில் காற்பங்கே அப்பொழுது புகும். எனவே எஃப் 2.8 லென்ஸ் 1/125 வினாடியில் எடுக்கும் படத்திற்கு இது 1/30 வினாடி கேட்கும். அதற்குள் முடிச்சிடும் விரல்கள் அசைந்து கலங்கிவிடும். லென்ஸினுள் நடுக்கந் தடுக்கும் அமைப்பு உண்டே என்பர். அது படம் எடுப்பவர் கைந்நடுக்கத்தைத் தடுக்குமேயன்றி, மணமகன் கைந்நடுக்கத்தைத் தடுக்காது. பிளாஷை மேற்கூரையில் மோதவிட்டு ஒளி பெறலாமெனின், வெண்சுவர் மண்டபத்தில் அது நன்று. மஞ்சளும் சிவப்புமான பந்தல் துணியிற் பட்டுத் திரும்பும் ஒளியோ மணமகள் முகத்திற்கு அவ்வண்ணத்தையே பூசிவிடும்.

ஆதலின் முதற்கண் தேடத்தக்கது, அகலமும் வெளிச்சமும் ஒருங்கே உடைய ஜூம் லென்ஸ். கானனின் 17-55 எஃப் 2.8 இத்தகையது, 2006-இல் வெளிவந்த இது பழைய லென்ஸ்களை விற்கும் கடைகளில் கிடைப்பதுண்டு. கண்ணாடியற்ற புதுக் காமிராக்களுக்குச் சிக்மாவின் 18-50, டாம்ரானின் 17-70 என்பன, இரண்டும் எஃப் 2.8 துளையுடன், 2021-இல் வந்தன. இரண்டாவதாக ஒரு 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 சேர்த்துக்கொள்ளலாம். அதன் துளையை முற்றத் திறந்து அருகில் நின்று எடுத்தல் மட்டும் ஆகாது. மணமகள் கண் தெளிந்து, பின்னே நிற்கும் மணமகன் முகம் மங்கும். பின்னர் மணமகன் வீட்டாரே முதலில் வழக்குத் தொடுப்பர். அகல லென்ஸுக்கும் ஒரு விலக்கு உண்டு. அருகில் நின்று 18-இல் எடுக்குங்கால் ஓரத்தில் நிற்பாரின் உடல் பருத்துக் காணும். இருபக்கமும் சிறிது இடம்விட்டு எடுத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

தேவாலயத் திருமணத்தில் நிலை வேறு. குருவானவர் ஜெபிக்குங்கால் பிளாஷ் கூடாதென்பதும், பீடத்தின் அருகே செல்லலாகாதென்பதும் எம்மவரிடையே பல சபைகளில் உள்ள கட்டுப்பாடு, அது தகுவதே. ஆங்கே சிறு சென்சாரின் குறுகிய காட்சியே துணையாகிறது. நடைபாதையில் 20 அடி தொலைவில் நின்று 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸால் நோக்கினால், ஏறக்குறைய 5½ அடி அகலம் அடங்கும். மணமக்கள் இருவரும் குருவானவர் கையும் அதனுள் அமைவர். முன்னர் யாம் பின்னுக்குத் தள்ளிய 50-உம் இங்கே 12 அடியில் நின்று அதே வேலையைச் செய்யும். அது தீய லென்ஸ் அன்று. வீட்டுப் பந்தலுக்கு முதல் லென்ஸ் அன்று என்பதே எம் வாதம்.

வாங்கப் பொருளில்லாதார் நகரங்களில் நாள் வாடகைக்குப் பெறலாம். ஆனால் திருமணத்திற்கு முன்னாளே பெற்று, மணப்பந்தலில் நின்று அடியளந்து பார்த்தல் வேண்டும். பழைய லென்ஸ் வாங்குவோர், அதனைக் கைவிளக்கின் முன் பிடித்து உள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்ந்துளதாவென நோக்குக. நம் மாவட்டத்து மழைக்கால ஈரத்தில் அது விரைந்து படரும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைத்தல் நன்று. தோற்பையில் மூடி மாதக்கணக்கில் பரண்மேல் வைத்தல் ஆகாது.