எம்பயர் குமாரி

ஜெர்மனியின் பிரேமன் நகரத்து ஹன்சா நிறுவனம், தன் சரக்குக் கப்பல்களின் பெயர்களைப் பாறை எனப் பொருள்படும் 'ஃபெல்ஸ்' என்னும் சொல்லால் முடித்தது. அவற்றுள் 'ஸ்டர்ம்ஃபெல்ஸ்', அதாவது புயற்பாறை, இரண்டாம் உலகப்போர் மூண்டதும் நடுநிலை நாடான ஈரானின் பந்தர் ஷாபூர் துறைமுகத்தில் அடைக்கலம் புகுந்தது. 1941 ஆகஸ்டு 25 விடியலில் ஆங்கிலேயரின் கூட்டுப்படை அத்துறைமுகத்தைக் கைப்பற்றியது. ஆஸ்திரேலியக் கப்பல் 'கனிம்ப்லா'வுடன் இந்தியக் கடற்படையின் 'லாரன்ஸ்' கப்பலும் அதில் பங்கேற்றது.

பிடிபட்ட ஜெர்மானியக் கப்பல்களுக்குச் சூட்டப்பட்டவையோ இந்தியப் பெயர்கள்: ராணி, ராஜா, கமல். புயற்பாறை, குமாரி ஆயிற்று. பெயர்களின் முன்னே நின்ற, பேரரசைக் குறிக்கும் 'எம்பயர்' என்னும் அடைமொழி மட்டும் உரிமையாளர் யாரென்பதை மறக்கவிடவில்லை.

மறு ஆண்டு ஆகஸ்டில், மத்தியதரைக் கடலில் எம்பயர் குமாரியைத் தாக்கி அழித்தது, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று.