பழைய ஸ்பீக்கருக்கு அம்பிளிபயர் தேடும் தம்பி தங்கச்சிமாருக்கு

ஞாயிறு பின்னேரங்களில் என் பேஸ்மென்டுக்கு இளம் பிள்ளைகள் வருவார்கள். கராஜ் சேலில் எடுத்த பழைய ஸ்பீக்கர் காரில் கிடக்கும். கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அங்கிள், இதுக்கு எத்தனை வாட் அம்பிளிபயர் வேணும்?” வாட்டைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

1. முதலில் ஸ்பீக்கர், பிறகுதான் அம்பிளிபயர். பாட்டின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் அது நிற்கும் அறையும்தான். இந்த விஷயத்தில் ரொறன்ரோக்காரர் கொடுத்து வைத்தவர்கள். எனர்ஜி, மிராஜ் இரண்டையும் செய்த கம்பனி நம் ஸ்காபரோவில் இருந்தது. பால் பார்ட்டன் 1972இல் தொடங்கிய பிஎஸ்பி பக்கத்துப் பிக்கரிங்கில். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி 1965 முதல் 1991 வரை வேலை பார்த்தார். எதிரொலியே இல்லாத அறையில் ஸ்பீக்கர்களை அளந்தார். பிறகு அவற்றைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எந்தக் கம்பனி என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்தார். நன்றாக அளந்தது காதுக்கும் நன்றாகவே இருந்தது. பார்ட்டன் போன்றவர்கள் அந்த அறையில் அளந்துதான் தங்கள் ஸ்பீக்கர்களைத் திருத்தினார்கள். தூரதேசப் பெயர்களைத் துரத்துமுன் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

2. வாங்குமுன் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். வூபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பதினைந்து இருபது வருடத்தில் விரல் பட்டாலே உதிரும். அதை மாற்றலாம், வீட்டிலேயே செய்யலாம், பயம் வேண்டாம். ஆனால் கூம்பை மெல்ல அமுக்கும்போது உள்ளே உரசினால் விட்டுவிடுங்கள். மல்டிமீற்றரும் கொண்டுபோங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6க்குக் கிட்டக் காட்டினால் சரி, பழுதில்லை.

3. ஓம் கணக்கை மதியுங்கள். ஓம் குறையக் குறைய அம்பிளிபயரிலிருந்து கூடுதல் மின்னோட்டம் போகும், அது சூடாகும். 60களின் ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் 4 ஓம். பிபிசி தன் ஒலிப்பதிவு வேலைக்கென்று வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டி முதலில் 15 ஓம். இரண்டையும் ஒரே அம்பிளிபயர் ஒரே மாதிரி ஓட்டாது. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மருமகளின் பிறந்தநாளுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு சோடி பூட்டி, ‘ஏ+பி’ பொத்தானை அமுக்கினேன். இரண்டும் சேர்ந்தால் 2 ஓம் என்ற சின்னக் கணக்கு அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. கேக் வெட்டுமுன் புகை வந்தது. அவுட்புட் டிரான்சிஸ்டர் நாலும் போயிற்று. மருமகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

4. இப்போது வாட்டுக்கு வரலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 10 குறைந்தால் பத்து மடங்கு. 93 டெசிபெல் பெட்டியில் 20 வாட் செய்வதை, 83 டெசிபெல் எல்எஸ்3/5ஏயில் செய்ய 200 வாட் வேண்டும். அதை அந்தக் குட்டிப் பெட்டி தாங்காது. ஆகவே அதைச் சின்ன அறையில், கிட்ட இருந்து கேளுங்கள். உணர்திறன் கூடிய பெரிய ஹோர்ன் ஸ்பீக்கருக்கு வால்வு அம்பிளிபயரின் பத்து வாட்டே வீட்டை நிறைக்கும். 1978இல் வந்த என்ஏடி 3020 அம்பிளிபயருக்குச் சொன்ன கணக்கு 20 வாட்தான். ஆனால் ஓம் குறைந்த ஸ்பீக்கருக்கும் அது சளைக்காமல் மின்னோட்டம் கொடுத்ததால், கூடுதல் வாட் எழுதிய பல பெட்டிகளை வெட்கப்பட வைத்தது.

5. சின்ன அம்பிளிபயரை முறுக்காதீர்கள். சக்தி முடிந்த பிறகும் முறுக்கினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். முதலில் எரிவது டுவீட்டர்.

6. குளிர்காலத்தில் வாங்கினால் பொறுமை வேண்டும். மைனஸ் 15இல் கிடந்த அம்பிளிபயரைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே பனித்துளி படியும். ஒரு இரவு விட்டு, மறுநாள் பிளக்கைச் செருகுங்கள். பிறகு பாட்டுப் போடாமல், ஸ்பீக்கர் பூட்டாமல், அதன் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் திருத்தத் தெரிந்தவரிடம் காட்டும்வரை ஸ்பீக்கரைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். நாற்பது வயதுப் பெட்டியில் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். பீற்றர்பரோவில் செய்யும் பிரைஸ்டன் அம்பிளிபயருக்கு 20 வருட உத்தரவாதம். பழையது கிடைத்தால் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

7. அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியா? அங்கே 230 வோல்ட், இங்கே 120. பின்னால் வோல்ட் மாற்றும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இசைத்தட்டுப் பெட்டியென்றால் இன்னொரு வில்லங்கம்: மின்சாரத்தின் வேகத்தையே பின்பற்றும் மோட்டர், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 60இல் ஓடும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 40 சுற்றும். பாடகர் ஒன்றரைக் கட்டை மேலே போய் நிற்பார். கப்பியை மாற்றினால் இறங்கி வருவார்.

8. கேட்டுப் பார்க்கத் தெரிந்த பாட்டையே கொண்டுபோங்கள். நான் கொண்டுபோவது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவு. குச்சி விழுந்ததும் அடி நின்றுவிட வேண்டும். ‘பொம்ம்ம்’ என்று இழுத்தால் வூபரை அந்த அம்பிளிபயரால் பிடித்து நிறுத்த முடியாமல் இருக்கலாம். ஆனால் சுவர் கிட்ட இருந்தாலும் அப்படி இழுக்கும். ஆகவே விற்பவரோடு சண்டைக்குப் போகுமுன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, இன்னொரு முறை கேளுங்கள்.