கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி



புது வீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது (உபாகமம் 22:8). ஒருவன் தவறி விழுந்தால் பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவன் கவனமாக இருந்தானா என்று அது கேட்கவில்லை. கட்டியவர் தம் கடமையைச் செய்தாரா என்றே கேட்கிறது.

இன்று நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் பைக் சாவியும் அப்படிப்பட்ட மாடிதான். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள்.

வாலிபருக்கு ஏன் இந்த ஆபத்து? வண்டியை ஓட்டச் சில நாட்களில் பழகிவிடலாம். ஆனால் நிற்கும் பேருந்தின் மறைவிலிருந்து ஒரு குழந்தை ஓடிவரலாம் என்று முன்கூட்டியே எண்ணி வேகத்தைக் குறைக்கும் பக்குவம் அத்தனை விரைவில் வராது. பின்னால் நண்பர்கள் ஏறிவிட்டால், இருக்கிற பக்குவமும் போய்விடுகிறது.

ஆகவே பெரியவர்கள் கட்டவேண்டிய சுவர்கள் சில உண்டு.

1. வயது: 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. அவற்றுக்கு 18 வயது நிரம்பவேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது.

2. தலைக்கவசம்: வாரைப் பூட்டாவிட்டால், விழும்போது அது தலையைவிட்டுக் கழன்றுவிடும். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று வேண்டும்.

3. வேகம்: 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் மோதலின் ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரமும் அப்படியே.

4. முன்மாதிரி: ஆலயத்துக்கு அடுத்த தெருதானே என்று தகப்பன் வெறுந்தலையோடு போனால், மகன் அதைத்தான் கற்றுக்கொள்வான்.

உடைந்த எலும்பை மருத்துவர்கள் சேர்த்துவிடுவார்கள். நசுங்கிய மூளையை முன்போலாக்க எந்த மருத்துவமனையாலும் இயலாது. சிகிச்சைக்காக நீங்கள் மனமுவந்து கொடுக்கிறீர்கள். அந்தச் சிகிச்சையே தேவைப்படாமல் ஒரு பிள்ளையைக் காப்பதும் தர்மமே.

சிந்திக்க:

நம் வீட்டில் சாவி எங்கே தொங்குகிறது? அதை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?

நம் சபை வாலிபர் கூட்டம் முடிந்ததும், எத்தனை பேர் ஒரே வண்டியில் ஏறிப் போகிறார்கள்?